கணினி கண்விழிக்கும் நேரம் - ஒரு சிறு வரலாறு

கணினியை முடுக்கியதும் வன்தட்டின் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும், திரையில் ஒன்றும் வராது. அந்த நேரத்தில் செயலி கடுமையாக உழைக்கிறது என்றே பலரும் நினைப்போம். உண்மையில் அது பெரும்பாலும் சும்மா காத்திருக்கிறது!

ஏன் என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 11 மில்லி வினாடி ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று பொறுக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. இயங்குதளம் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான துண்டுகளை அங்கும் இங்குமாகப் படிக்கிறது.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு ஒரு வழி கண்டது. போன முறை எந்தக் கோப்புகள் தேவைப்பட்டன என்று குறித்து வைத்து, அடுத்த முறை அவற்றை முன்கூட்டியே வரிசையாகப் படித்துவிடும்.

லினக்ஸ் உலகில் திருப்பம் 2004-இல் வந்தது. ரெட் ஹாட்டின் ஓவன் டெய்லர் ஒரு சவால் விட்டார்: தொடக்க நேரம் எங்கே போகிறது என்பதைப் படமாகக் காட்ட முடியுமா? ஜிகா மாகோவெட்ஸ் எழுதிய 'பூட்சார்ட்' அதற்கு விடையானது. எந்த நிரல் எப்போது ஓடியது, செயலி எப்போது வன்தட்டுக்காகக் காத்து நின்றது என்பதெல்லாம் ஒரே படத்தில் தெரிந்தது. அதுவரை ஊகித்தவர்கள் அதன்பின் அளக்கத் தொடங்கினார்கள்.

2008-இல் இன்டெல்லின் ஆர்யன் வான் டி வென், அவுக்கே கோக் இருவரும் 5 வினாடியில் எழும் ஈ-பிசி மடிக்கணினியை ஒரு மாநாட்டில் காட்டினார்கள். அதுவரை ஃபெடோராவுக்கு நுழைவுத் திரை வரவே 45 வினாடி ஆனது. அவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைக்கவில்லை. குடும்பத்துக்கு மாத பட்ஜெட் போடுவதுபோல் கெர்னலுக்கு 1, ஆரம்பப் பணிகளுக்கு 1, வரைகலைக்கு 1, மேசைத்தளத்துக்கு 2 வினாடி என்று பங்கு பிரித்தார்கள். யாரோ சிலருக்குத் தேவையான மின்னஞ்சல் சேவைக்காக எல்லோருமே 2 வினாடி இழப்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஆனால் அந்த ஈ-பிசியில் இருந்தது சுழலாத ஃபிளாஷ் நினைவகம். சாதாரண வன்தட்டில் அவர்களுக்கே 10 வினாடி ஆனது.

ஒரு சாதனம் பதில் சொல்லும்வரை மற்றவை நிற்காமல், பலவற்றை ஒரே சமயத்தில் தொடங்கும் ஆர்யனின் முறை 2009-இல் கெர்னலில் சேர்ந்தது.

இன்று எஸ்எஸ்டி வந்து சுழற்சியே இல்லை. ஆனாலும் கழற்றிவிட்ட ஒரு தட்டின் பெயர் அமைப்புக் கோப்பில் மிச்சமிருந்தால், சிஸ்டம்டி அதற்காக 90 வினாடி காத்திருக்கும். வேகமான வன்பொருள் வாங்கினாலும் இந்தத் தாமதம் தீராது. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அளந்து பார்த்தால்தான் தீரும். பூட்சார்ட் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதானே!