ரீகன் பெயரால்

2008 ஜனவரி 30. கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் உள்ள ரொனால்ட் ரீகன் நூலகத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம் முடியும் நேரம். நெறியாளர் ஆண்டர்சன் கூப்பர், மேடையிலிருந்த நான்கு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: ரீகன் இருந்திருந்தால் உங்களை ஆதரித்திருப்பாரா, ஏன்?

ரீகன் மறைந்து மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் மனைவி நான்ஸி பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். நிச்சயம் ஆதரிப்பார் என்றார் மிட் ராம்னி. ஆண்டுக்கு ஒரு நிலைப்பாடு எடுப்பவரை ரீகனுக்குப் பிடிக்காது என்றார் ஜான் மெக்கெய்ன். ராம்னியைத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. 1976-லேயே ரீகன் பக்கம் நின்ற நான்கு எம்.பி.க்களில் தானும் ஒருவர் என்று நினைவூட்டினார் ரான் பால். அவர் என்னை ஆதரிப்பார் என்று நானே சொல்லிக்கொள்வது அகந்தை, நான்தான் அவரை ஆதரிக்கிறேன் என்றார் மைக் ஹக்கபி. அன்றைய பதில்களில் நாகரிகமானது அதுதான்.

அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கு முன்பு, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலம் மாநிலமாக மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். இந்தப் பிரைமரியில் மோதுபவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள். வரியைக் குறைப்போம், ராணுவத்தைப் பலப்படுத்துவோம் என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடும்போது, யார் அசல் வாரிசு என்பதே போட்டியாகிவிடுகிறது. வாரிசு என்றால் ஒரு மூதாதை வேண்டும். நிக்சன் ஊழல் புகாரில் பதவி விலகியவர். ஃபோர்டும் மூத்த புஷ்ஷும் பதவியில் இருந்துகொண்டே தேர்தலில் தோற்றவர்கள். 1984-ல் 50 மாநிலங்களில் 49-ஐ வென்ற ரீகனைவிட்டால் கட்சிக்கு வேறு ஆள் இல்லை.

ஆனால் மேடைகளில் அழைக்கப்படும் ரீகன், எட்டு ஆண்டு ஆட்சி நடத்திய அதிபர் ரீகன் அல்ல. அதற்கு முன்பு தன் கட்சித் தலைமையையே எதிர்த்துக் களமிறங்கிய ரீகன்தான் அங்கே வருகிறார்.

1976-ல் பதவியில் இருந்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டை எதிர்த்து அவர் பிரைமரியில் நின்றார். சக குடியரசுக் கட்சிக்காரரைப் பழித்துப் பேசாதே என்ற ‘பதினோராவது கட்டளை’யை ஊரெங்கும் பரப்பியவரே அவர்தான். கலிஃபோர்னியா கட்சித் தலைவர் கேலார்ட் பார்க்கின்சன் 1960-களில் வகுத்த விதி அது. ஆரம்ப மாநிலங்களில் வரிசையாகத் தோற்றபோது அந்த விதி அவருக்கு உதவவில்லை. பனாமா கால்வாயை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார், சோவியத்திடம் இளகிப் போகிறார் என்று ஃபோர்டை நேரடியாகத் தாக்கினார். அந்தத் தாக்குதலோடுதான் வடக்குக் கரோலினாவை வென்றார். ஆகஸ்டில் கன்சாஸ் சிட்டி மாநாடு வரை போராடி, 1,187-க்கு 1,070 என்ற கணக்கில் தோற்றார். பின்னாளில் விவாத மேடைகளில் அடி வாங்கிய வேட்பாளர்கள் ரீகனின் பதினோராவது கட்டளையை எடுத்துக்காட்டிப் புலம்பும்போது இந்த வடக்குக் கரோலினா கதையைத் தொடுவதில்லை.

அடுத்தது 1980 பிப்ரவரி 23, நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று ரீகனையும் மூத்த புஷ்ஷையும் மட்டும் வைத்து விவாதம் நடத்த ஏற்பாடு செய்தது. மற்றவர்களை ஒதுக்கிவிட்டுப் பத்திரிகையே செலவு செய்வது சட்டச் சிக்கலானதால், ரீகன் தரப்பு பணம் கட்டியது. கட்டியவர் மற்ற நான்கு வேட்பாளர்களையும் மேடைக்கு அழைத்து வந்துவிட்டார். உட்கார நாற்காலி இல்லாமல் அவர்கள் பின்னால் நிற்க, ரீகன் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அவருடைய மைக்கை அணைக்கச் சொன்னார் நெறியாளர் ஜான் பிரீன். இந்த மைக்குக்குப் பணம் கட்டுவது நான்தான், மிஸ்டர் கிரீன் என்று சீறினார் ரீகன். பெயர் தப்பு. அதை யாரும் பொருட்படுத்தவில்லை, கூட்டம் ஆர்ப்பரித்தது. புஷ் நேராகப் பார்த்தபடி அசையாமல் அமர்ந்திருந்தார். மூன்று நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் ரீகன் கைக்கு வந்தது.

இந்தக் கோபக்கார ரீகனை நகலெடுப்பது எளிது. பதவிக்கு வந்த பிறகு இருந்த ரீகனை நகலெடுத்தால் இன்றைய பிரைமரியில் டெபாசிட் போய்விடும். 1981-ல் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்கியவர், பற்றாக்குறை எகிறியதும் 1982-லேயே வேறு வரிகளை ஏற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு டாலர் வரிக்கு மூன்று டாலர் செலவுக் குறைப்பு வரும் என்ற பேச்சை நம்பி அவர் செய்த உடன்பாடு அது. 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகர விவாதத்தில், ஒரு டாலர் வரிக்குப் பத்து டாலர் செலவுக் குறைப்பு கிடைத்தால்கூட மறுப்பவர்கள் யார் என்று கேட்டபோது மேடையிலிருந்த எட்டுப் பேரும் கையை உயர்த்தினார்கள். ரீகன் அந்த வரிசையில் நின்றிருந்தால் கையை உயர்த்தியிருக்க முடியாது.

குடியேற்றம் இன்னும் கூர்மையான சான்று. 1980 ஏப்ரலில் ஹூஸ்டனில் நடந்த பிரைமரி விவாதத்தில், ஆவணம் இல்லாமல் வந்தவர்களின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் இலவசமாகப் படிக்கவிடலாமா என்று ஒருவர் கேட்டார். ரீகனும் புஷ்ஷும் யார் கூடுதல் கனிவுடன் பேசுவது என்பதில் போட்டி போட்டார்கள். வேலி போடுவதைப் பற்றிப் பேசாமல், இரு பக்கமும் எல்லையைத் திறந்து, மெக்சிகோக்காரர்கள் அனுமதியோடு வந்து வேலை பார்த்துத் திரும்ப வழி செய்யலாமே என்றார் ரீகன். 1986-ல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தால் சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி குடியிருக்கும் உரிமை பெற்றார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் அணு ஏவுகணை ஒப்பந்தம் போட்டபோது, அவரைக் கடுமையாகச் சாடியவர்களில் அவருடைய வலதுசாரித் தோழர்களும் இருந்தார்கள். நிலைமை மாறியதும் முடிவை மாற்றத் துணிந்த அந்த அதிபரிடம்தான் பின்வந்தவர்கள் கற்க எவ்வளவோ இருக்கிறது. அவரை மறைத்துவிட்டு நாஷுவா மைக்கை மட்டும் தூக்கிப் பிடிப்பது வாக்காளருக்கு இழைக்கும் அநீதி.

இந்தப் பெயர் தானாகவும் இவ்வளவு வளரவில்லை. 1983 தொடக்கத்தில் காலப் கணிப்பில் ரீகனுக்கு இருந்த ஆதரவு 35 சதவீதம்தான். தனக்கு அல்சைமர் நோய் என்று 1994 நவம்பரில் நாட்டுக்குக் கடிதம் எழுதியபின் அவர் பொதுவாழ்விலிருந்து விலகிவிட்டார். வரி எதிர்ப்புப் பிரசாரகர் குரோவர் நார்க்விஸ்ட் 1997-ல் ரீகன் மரபுத் திட்டம் என ஒன்றைத் தொடங்கினார். நாட்டின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் ஒவ்வொன்றிலும் சாலைக்கோ பள்ளிக்கோ பாலத்துக்கோ ரீகன் பெயர் வைக்க வேண்டும் என்பது இலக்கு. அடுத்த ஆண்டே வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் தம் வசதிக்கு எடுத்தாளும் பெயராக அது மாறியபோது, மறுத்துப் பேச வேண்டியவர் நோயால் மௌனமாகியிருந்தார்.

பிறகு நடந்தது பழைய காகிதங்களைத் தோண்டும் போர். ராம்னி 1994-ல் மாசசூசெட்ஸில் செனட் தேர்தலில் நின்றபோது, ரீகன்–புஷ் காலத்தில் தான் கட்சி சாராதவன், அந்தக் காலத்துக்குத் திரும்பப் போவதில்லை என்று பேசியிருந்தார். அந்தப் பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது. 2012-ல் நியூட் கிங்ரிச் தன்னை ரீகனின் தளபதியாகக் காட்டிக்கொண்டபோது, ரீகனின் நாட்குறிப்பில் கிங்ரிச் பெயர் ஒரே ஒருமுறைதான் வருகிறது என்று ராம்னி ஆதரவாளர்கள் விளம்பரம் செய்தார்கள். இதில் உச்சம் 2011 செப்டம்பரில், அதே சிமி வேலி நூலகத்தில் நடந்தது. 1988-ல் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்காக டெக்சாஸில் வேலை செய்தவர்தானே என்று ரிக் பெர்ரியை ரான் பால் விவாதத்தையொட்டிய தன் விளம்பரத்தில் சீண்டியிருந்தார். 1987-ல் ரீகன் ஆட்சியைக் கண்டித்துக் கடிதம் எழுதிவிட்டுக் கட்சியை விட்டே போனவர்தானே என்று பெர்ரி மேடையில் திருப்பிக் கொடுத்தார். இரண்டுமே உண்மை.

எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியின் பிரைமரியிலும் இந்தப் பெயர் தீப்பற்ற வைத்திருக்கிறது. நிக்சனும் கிளின்டனும் செய்யாத அளவுக்கு ரீகன் நாட்டின் திசையை மாற்றினார் என்று 2008 ஜனவரியில் ரீனோ நகரப் பத்திரிகை ஒன்றிடம் ஒபாமா சொன்னார். சில நாளில் மிர்ட்டில் பீச் விவாத மேடையில் ஹிலரி அதை எடுத்துவைத்துச் சண்டைக்கு வந்தார். ரீகனின் கொள்கைகளைப் பாராட்டவில்லை என்று ஒபாமா விளக்க வேண்டியதாயிற்று.

ரீகனும் இதே கலையில் தேர்ந்தவர்தான். நான்கு முறை ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்த பழைய ஜனநாயகக் கட்சிக்காரர் அவர். 1980-ல் டெட்ராய்ட் மாநாட்டில் வேட்பாளராக ஏற்றுப் பேசியபோது ரூஸ்வெல்ட்டின் வரிகளையே எடுத்தாண்டார். எடுத்துக்கொண்டது, அரசுச் செலவைக் குறைப்பேன் என்று 1932-ல் வாக்குக் கேட்ட ரூஸ்வெல்ட்டை. பதவிக்கு வந்து அரசை விரித்த ரூஸ்வெல்ட்டை விட்டுவிட்டார்.

டொனால்ட் டிரம்ப் இந்த மரபை வேறு விதமாகப் பயன்படுத்தினார். 1987 செப்டம்பரில், ரீகன் பதவியில் இருந்தபோதே, சுமார் 95 ஆயிரம் டாலர் செலவழித்து மூன்று பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ஜப்பானும் மற்ற நாடுகளும் அமெரிக்காவை ஏய்க்கின்றன, நம் வெளியுறவுக் கொள்கைக்கு முதுகெலும்பு இல்லை என்று கண்டித்தவர் அவர். அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்ற ரீகனின் 1980 முழக்கத்தைச் சற்றுச் சுருக்கி, 2012-ல் வணிக முத்திரைக்கு விண்ணப்பித்தார். தானும் ரீகனைப் போல முன்னாள் ஜனநாயகக் கட்சிக்காரன் என்பதையே 2016 பிரைமரியில் கேடயமாக்கினார். 2020-ல் அவர் படமும் ரீகன் படமும் பொறித்த நாணயங்களை 45 டாலர் நன்கொடைக்குத் தருவதாகச் சொல்லி நிதி திரட்டியபோது, ரீகன் அறக்கட்டளை தடுத்து நிறுத்தச் சொன்னது.

2023 ஆகஸ்டில் மில்வாக்கியில் அடுத்த பிரைமரியின் முதல் விவாதம் நடந்தது. டிரம்ப் வரவில்லை. ரீகனைப் பார்த்துத்தான் குடியரசுக் கட்சிக்கு வந்தேன் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்த மைக் பென்ஸ் அங்கே நம்பிக்கையூட்டும் தொனியில் பேசினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவரும், ரீகன் பதவி விட்டபோது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவருமான விவேக் ராமசாமி குறுக்கிட்டார். அமெரிக்காவில் விடியல் என்ற 1984 ரீகன் விளம்பரத்தைச் சுட்டி, இது விடியல் அல்ல, இருண்ட காலம் என்றார். முன்பு ஒரு வேட்பாளர் அப்படிச் சொல்லியிருந்தால் அன்றிரவே மன்னிப்புக் கேட்டிருப்பார். ராமசாமி கேட்கவில்லை, கேட்கும்படி யாரும் வற்புறுத்தவும் இல்லை. அயோவாவில் முதல் வாக்கு விழுவதற்கு இரண்டரை மாதம் இருக்கும்போதே, அக்டோபர் 28 அன்று, பென்ஸ் போட்டியிலிருந்து விலகினார்.