மாட்டு வண்டியில் வந்த நூலகம்

நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு கட்டடம்தான். ஆனால் வாசகன் நூலகத்தைத் தேடிப் போக வேண்டுமா, நூலகம் வாசகனைத் தேடி வர வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1850-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. நகரசபைகள் வரி போட்டு நூலகம் நடத்தலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! 1855-ல்தான் அது மாறியது. அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கம்ப் என்ற நூலகர், 1905-ல் குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிப் பண்ணை வீடுகளுக்கே அனுப்பினார்.

நம்ம ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கணித ஆசிரியராக இருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் சென்று நூலகக் கலை பயின்று திரும்பினார். அவர் வளர்த்த நூலக இயக்கத்தின் காலத்தில், 1931 அக்டோபரில், மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. அதை உருவாக்கிய கனகசபைப் பிள்ளை ஒரு பொறியாளர்! படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. 1948-ல் சென்னை மாகாணம் இயற்றியது, சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். இன்றும் சொத்து வரியோடு நாம் நூலக வரி கட்டுவது அதனால்தான்.

மதுரைக்கும் இதில் பங்குண்டு. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம் நூல்நிலையத்தோடு வளர்ந்தது. 2023 ஜூலை 15-ல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் அங்கே வந்து போக ஒரு நாளும் பஸ் காசும் வேண்டுமே?

நண்பர்களே, நம் வீட்டுப் பரணில் பாடப் புத்தகங்கள் தூங்குகின்றன. மாணவத் தம்பி தங்கைகளிடம் உற்சாகம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வேன் போதும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று முறை வைத்துப் போகலாம். அன்று மாட்டு வண்டியில் முடிந்தது, இன்று நம்மால் முடியாதா?