லினக்ஸும் வைஃபையும்: சிக்கல் யாரிடம் இருந்தது?

2005, 2006 வாக்கில் லினக்ஸுக்குப் புதுசா வந்தவர்களிடம் அடிக்கடி கேட்ட புலம்பல் ஒண்ணு உண்டு: "எல்லாம் வேலை செய்யுது, வைஃபை மட்டும் வரல." உபுண்டுவின் முதல் வெளியீடு 2004 அக்டோபரில் வந்தது. சிடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பி வைத்தார்கள். நிறுவுவதும் எளிதாகிவிட்டது. ஆனால் மடிக்கணினியில் பிராட்காம் சிப் இருந்தால் போச்சு. வைஃபை வர வேண்டுமென்றால் ஒரு கோப்பை இறக்க வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கிற கதைதான்.

அப்போது பலரும் இரண்டு பேர் மீது பழி போட்டார்கள். ஒன்று, "ஒழுங்காப் படிக்காமல் வந்துட்டாங்க" என்று புதியவர்கள் மீது. இன்னொன்று, "இதுகூடச் செய்யத் தெரியலையா" என்று லினக்ஸ் எழுதியவர்கள் மீது. வரலாற்றைப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். வைஃபை அட்டை வேலை செய்ய இரண்டு நிரல்கள் வேண்டும். ஒன்று டிரைவர். இது கணினியில் ஓடி, சிப்புடன் பேசும். இன்னொன்று ஃபர்ம்வேர். இது சிப்புக்குள்ளேயே ஓடும். செலவைக் குறைக்க, ஃபர்ம்வேரை நிரந்தரமாகச் சேமிக்கும் நினைவகத்தைப் பல சிப்களில் வைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு முறை கணினியைத் தொடங்கும்போதும் டிரைவர்தான் அதைச் சிப்பில் ஏற்றியாக வேண்டும். டிரைவரை எழுத சிப்பின் ஆவணம் தேவை. ஃபர்ம்வேரை விநியோகிக்க நிறுவனத்தின் அனுமதி தேவை. பிராட்காம் இரண்டையும் தரவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிராட்காம் சிப் லினக்ஸில் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது! லிங்க்சிஸின் பிரபலமான டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் இருந்தது லினக்ஸ்தான். 2003இல் இதை ஆர்வலர்கள் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூலநிரல் எங்கே என்று கேட்டார்கள். அதே ஆண்டில் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியது, மூலநிரலும் வெளியானது. அதை வைத்துத்தான் 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஆனால் வெளிவந்த மூலநிரலில் வைஃபை டிரைவர் மட்டும் இல்லை. அது ரவுட்டரின் எம்ஐபிஎஸ் செயலிக்கான பைனரியாகவே கிடைத்தது. மேசை மேல் இருந்த ரவுட்டரில் ஓடியது, பக்கத்தில் இருந்த மடிக்கணினியில் ஓடவில்லை.

அதுவரை புதியவர்களைக் காப்பாற்றியது என்டிஸ்ராப்பர். விண்டோஸ் கெர்னலின் ஒரு பகுதியைப் போல லினக்ஸுக்குள் நடித்து, விண்டோஸ் டிரைவரையே ஓட வைக்கும் கருவி அது. மடிக்கணினியோடு வந்த சிடியைத் தேடி எடுத்து, அதில் சரியான ஐஎன்எஃப் கோப்பைக் கண்டுபிடித்து, அதை நிறுவ வேண்டும். ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் மொத்தக் கணினியும் உறைந்து நிற்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாததால், பிழை வந்தால் திருத்தவும் வழியில்லை.

நிஜமான தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது. தன்னார்வலர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, ரவுட்டரில் இருந்த அந்த பைனரியைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆவணம் எழுதியது. இன்னொரு குழு அந்த பைனரியைத் தொடவே இல்லை. ஆவணத்தை மட்டும் வாசித்துப் புதிதாக டிரைவர் எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் வழக்குப் போட முடியாது பாருங்க, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. 2005 டிசம்பரில் டிரைவர் வேலை செய்வதாக அறிவித்தார்கள். 2006 ஜூனில் வந்த 2.6.17 கெர்னலில் அது சேர்ந்தது. பிறகு பி43 என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது.

ஆனால் ஃபர்ம்வேர்? அதன் உரிமை பிராட்காமிடமே இருந்தது. எனவே நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டி எடுக்க எஃப்டபிள்யூகட்டர் என்று ஒரு கருவி செய்தார்கள். வெட்ட வேண்டிய கோப்பை இறக்க மறுபடியும் இணையம் வேண்டும். கடைசியில் லேன் கேபிளைச் செருகுவதுதான் கதி.

மற்ற நிறுவனங்களும் தாமாக மாறிவிடவில்லை. இன்டெல் 2006இல் தன் 3945 அட்டைக்கு மூலநிரல் தந்தது. ஆனால் ரேடியோ விதிகளைக் காரணம் காட்டி, கூடவே மூடிய நிரல் ஒன்றையும் ஓடச் சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டது. ஏதெரோஸ் சிப்பின் ரகசியத்தை ஓபன்பிஎஸ்டி ஆட்கள் முதலில் உடைத்தார்கள், அதன் வழியே 2008இல் லினக்ஸுக்கு ஏடிஎச்5கே டிரைவர் வந்தது. அதே ஆண்டு ஏதெரோஸ் நிறுவனமே ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்த மூலமாகத் தந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் இறங்கி வந்தது. அதுவும் புதிய 802.11என் சிப்களுக்கு மட்டும். பழையவற்றுக்குத் தன்னார்வலர்களின் பி43தான் கடைசி வரை.

டிரைவர்கள் திறந்தன, ஃபர்ம்வேர் இன்றும் பெரும்பாலும் மூடியேதான் இருக்கிறது. அதை விநியோகிக்கப் பல நிறுவனங்கள் அனுமதி தந்துவிட்டன, அவ்வளவுதான். இது கொள்கைப் பிடிப்புள்ள டெபியனுக்குத் தர்மசங்கடம். 2011இல் வந்த டெபியன் 6, கெர்னலிலிருந்து மூடிய ஃபர்ம்வேரைப் பிரித்து வெளியே வைத்தது. நிறுவும்போது வைஃபை கேட்ட கோப்பை யுஎஸ்பியில் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. 2022இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அதிகாரபூர்வ நிறுவியிலேயே அதைச் சேர்க்கச் சம்மதித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது.

இது தோல்வியா? சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபர்ம்வேரை விலக்கி வைத்ததால் எந்தச் சிப்பும் திறந்துவிடவில்லை. புதியவர்தான் வாசலிலேயே நின்றார். நிறுவனங்களை அசைத்தது அந்தக் கதவடைப்பு இல்லை. ஆவணம் தராவிட்டாலும் நாங்களே எழுதிக்கொள்வோம் என்று காட்டிய சில பேரின் பல வருட உழைப்பு. இன்று நிறுவிய உடனே வைஃபை பட்டியல் தெரிகிறது என்றால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.