சுவரோரம் ஓடும் அலை

விசை கண்ணுக்குத் தெரியாது. அது எதையாவது நசுக்கினால் அல்லது இழுத்தால், அந்த உருமாற்றத்தைக் கொண்டு அதை அளக்கலாம். கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் இதற்கு நல்ல சான்று. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண், மழை விழுந்ததும் ஊறி உப்பும்; மேலே நிற்கும் சுவரைத் தூக்கி விரிசல் விடவைக்கும். அந்த அழுத்தத்தை அளப்பதற்கு 1977-இல் வந்த இந்தியத் தர விதி சொல்லும் முறைகளில் ஒன்றில், மண் வில்லைக்கு மேல் ஓர் எஃகு வளையம் நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் ப்ரூவிங் ரிங். தண்ணீர் ஊற்றியதும் மண் எழும்பப் பார்க்கும். வளையம் இம்மியளவு நசுங்கும். நடுவிலுள்ள டயல் கேஜின் முள் நகரும். அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் விட்டமோரும் பெட்ரென்கோவும் 1920-களில் உருவாக்கிய கருவி அது.

நுண் ஒளி ஒத்ததிர்விகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எஃகு வளையத்தின் இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடி மணி. முள்ளின் இடத்தில் அந்த மணிக்குள் சுற்றும் ஒளி. ஆனால் ஒளியை இப்படிச் சுற்ற விடலாம் என்ற எண்ணம் ஒலியிலிருந்து வந்தது.

லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே வட்டமான நடைமாடம் ஒன்று உண்டு. அங்கே சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கச் சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி குழிந்த சுவரை ஒட்டியே வளைந்து போகிறது என்றார் ஆங்கில இயற்பியலாளர் ரேலி. வளைத்த துத்தநாகத் தகட்டின் ஒரு முனையில் கீச்சுக்குழலையும் மறுமுனையில் ஒலிக்குத் துடிக்கும் தீச்சுடரையும் வைத்து அதை அவர் காட்டினார். தகட்டை ஒட்டிக் குறுகலான தடுப்பு ஒன்றை வைத்தால் போதும், சுடர் அடங்கிவிடும். இதற்கான அலைக் கோட்பாட்டை 1910-இல் வெளியிட்டார்.

1921-இல் முதன்முறையாக இங்கிலாந்து போன சி.வி. ராமன், ஜி.ஏ. சதர்லாந்துடன் சேர்ந்து அதே மாடத்தில் சோதனை நடத்தினார். ரேலியின் கணக்குப்படி, சுவரை விட்டு விலகினால் ஓசை குறைந்துகொண்டே போக வேண்டும். உண்மையில் அது கூடியும் குறைந்தும் மாறி மாறி வந்தது. ரேலி 1919-இலேயே காலமாகிவிட்டார். அவர் பதிலைக் கேட்க வழியில்லை. ஊர் திரும்பிய ராமன், பீஜப்பூர் கோல்கும்பஸ் உள்ளிட்ட இந்திய மாடங்களையும் ஆராய்ந்து எழுதினார். அவரைப் பற்றிய பேச்சில் 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறலான ராமன் விளைவு மற்றதையெல்லாம் மறைத்துவிடுவதால் இந்த ஒலி ஆய்வுகள் அதிகம் பேசப்படுவதில்லை.

ஒளியின் முறை 1961-இல் வந்தது. பெல் ஆய்வகத்தில் காரெட், கைசர், பாண்ட் மூவரும் சமேரியம் கலந்த கால்சியம் ஃபுளோரைடு உருண்டைக்குள் லேசர் ஒளியைச் சுற்ற வைத்தார்கள். 1989-இல் மாஸ்கோவில் பிராகின்ஸ்கி, கோரோடெட்ஸ்கி, இல்சென்கோ ஆகியோர் கண்ணாடி மணிக்குள் ஒளியை மிகக் குறைந்த இழப்போடு நெடுநேரம் சுற்ற விட்டனர். மணி செய்வது எளிது. ஒளியிழையின் நுனியைச் சுடரில் உருக்கினால் பரப்பு இழுவிசை அதைத் தானே உருண்டையாக்கிவிடும். எஞ்சிய இழையே காம்பாகிவிடும். ஒரு மைக்ரான் அளவுக்கு இழுத்து மெலிதாக்கிய இன்னோர் இழையை அருகே கொண்டுவந்தால் ஒளி அதிலிருந்து மணிக்குள் இறங்கும். ஆனால் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கினால்தான் ஒளி உள்ளே தங்கும். அந்த அலைநீளத்தில் மட்டும் இழையின் ஒளி குறைந்து, வரைபடத்தில் குறுகிய பள்ளம் விழும்.

மணியை நசுக்கினால் ஆரமும் ஒளிவிலகல் எண்ணும் மாறும், பள்ளம் நகரும். 300 மைக்ரான் விட்டமுள்ள மணி, 1550 நானோமீட்டர் ஒளி, பத்துக் கோடி என்ற தரக்காரணி (ஒளி எவ்வளவு இழப்பின்றிச் சுற்றுகிறது என்பதன் அளவு) என்று வைத்துக்கொண்டால் பள்ளத்தின் அகலம் சுமார் 0.0155 பிக்கோமீட்டர். அந்த அளவுக்கு அதை நகர்த்த ஆரம் 1.5 பிக்கோமீட்டர் மாறினாலே போதும். அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அது. எஃகு வளையத்தின் முள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

இதை விசைமானியாக்கும் வேலை மெல்லத்தான் நடந்தது. ஒளியிழையையே ஒத்ததிர்வியாக்கி, அதை இழுத்தால் ஒத்ததிர்வு நகர்வதை 1993-இல் ஹஸ்டனும் எவர்சோலும் காட்டினர். டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஐயோப்போலோ, ஒட்டூகன் குழு 2008-இல் மணியை அழுத்தி விசையை அளக்கும் கருவியை விவரித்தது. கண்ணாடியைவிட மென்மையான பாலிமர் மணிகள் அதே விசைக்கு அதிகம் நசுங்குவதால் உணர்திறன் கூடும். காற்று ஒரு பரப்பை உரசிச் செல்லும்போது உண்டாகும் இழுவிசையை அளக்கவும் அக்குழு இம்முறையைப் பயன்படுத்தியது. இடையில் 2002-இல் கால்டெக்கில் ஸ்பில்லேன், கிப்பன்பெர்க், வஹாலா ஆகியோர் இப்படியொரு மணிக்குள் ராமன் விளைவால் இயங்கும் லேசரை எரியவிட்டனர். ராமன் ஆராய்ந்த கிசுகிசு மாடமும் ராமன் விளைவும் அதில் ஒரே மணிக்குள் சேர்ந்தன.

கருவியின் பெரிய தொல்லை வெப்பம். ஒரு டிகிரி ஏறினாலே கண்ணாடி மணியின் பள்ளம் சுமார் 10 பிக்கோமீட்டர் தள்ளிப்போகும். மேலே சொன்ன அகலத்தைப்போல அறுநூறு மடங்குக்கும் மேல். கோவில்பட்டி வெயிலில் திறந்த மேசையில் வைத்தால் அது வெப்பமானியாகத்தான் வேலை செய்யும். அதனால் விசை படாத இரண்டாவது மணியையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கழிக்கிறார்கள். அடுத்த தொல்லை தூசியும் ஈரமும். காற்றின் ஈரம் பரப்பில் படிந்தால் மிகத் தூய மணியின் தரக்காரணி சில நிமிடங்களிலேயே சரிந்துவிடும். அதற்காகவே மணியையும் இழையையும் சேர்த்து ஒளிவிலகல் எண் குறைந்த பாலிமருக்குள் பதித்து மூடும் முறை வந்தது.