பத்து மார்க்கும் ஒரு பெட்டியும்

நாஜி ஆட்சியிலிருந்து தப்பி பிரிட்டனுக்கு ரயிலேறிய யூதக் குழந்தைகள் உடன் கொண்டுபோக முடிந்தது கொஞ்சம்தான்: தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சிறு பெட்டி, பத்து மார்க் பணம். நகைக்கும் விலையுயர்ந்த பொருளுக்கும் அனுமதி இல்லை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கும் அவர்களுடைய பொம்மைகளும் புகைப்படங்களும் கழுத்து அட்டைகளும் இந்தக் கெடுபிடியைத் தாண்டி வந்தவை.

1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, சுமார் 30,000 ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இதையடுத்து, 17 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் ஏற்க பிரிட்டிஷ் அரசு சம்மதித்தது. செலவை மட்டும் ஏற்கவில்லை. அது தொண்டு அமைப்புகள் தலையிலும் தனிமனிதர்கள் தலையிலும் விழுந்தது. பின்னர் குழந்தை ஒன்றுக்கு 50 பவுண்டு பிணைத்தொகையும் கேட்டார்கள். முதல் குழுவில் ஏறக்குறைய 200 பேர். டிசம்பர் 2 அன்று ஹார்விச் துறைமுகத்தில் இறங்கினார்கள். போர் மூளும்வரை சுமார் 10,000 குழந்தைகள் இப்படி வந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று பெயர்.

பெட்டியை அடுக்கிய பெற்றோர் பலர் நினைவுப்பொருளைப் பற்றிப் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. வைத்ததில் பெரும்பாலானவை உபயோகத்துக்கானவை: குளிர்காலக் கோட்டு, கம்பளிக் காலுறை, பெயரின் முதலெழுத்து தைத்த துண்டு, வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓரிரு அளவு பெரிதாக வாங்கிய உடுப்பு. விசா கிடைத்ததும் தாங்களும் பின்னால் வந்துவிடுவோம் என்று பலர் நம்பினார்கள்; பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொன்னார்கள். கரடி பொம்மையை அணைத்துக்கொண்டு நிற்கும் குழந்தை என்ற சித்திரம் பொய்யில்லை, ஆனால் அரைகுறையானது. உடுப்பு கிழிந்தது, செருப்பு சிறுத்துப்போனது. பயன்படுத்தித் தீர்க்க முடியாத பொருள்தான் பெரும்பாலும் மிஞ்சியது. அதனால்தான் காட்சிப்பேழைகளில் பொம்மைகள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன.

வெள்ளிச் சாமான்களின் கதை வேறு. 1939 பிப்ரவரி 21 அன்று வந்த ஆணை, யூதர்கள் தங்கள் பொன், வெள்ளி, ரத்தினம், முத்து ஆகியவற்றைப் பொது அடகுக்கடைகளில் ஒப்படைக்க வேண்டும் என்றது. விலக்கு மிகச் சில: திருமண மோதிரம், வெள்ளிக் கடிகாரம், ஆளுக்கு இரண்டு தொகுதி பழைய சாப்பாட்டு வெள்ளிச் சாமான்கள், தொகுதிக்கு நான்கு உருப்படி. கொள்ளையடிக்கும் அரசு கரண்டியைக்கூட எண்ணி விட்டுக்கொடுத்தது. அகதிக் குடும்பங்களில் தலைமுறை கடந்து இருக்கும் முள்கரண்டியையும் கத்தியையும் பார்ப்பவர்கள் இந்த ஆணையையும் நினைவில் கொள்ள வேண்டும்.

புறப்படும்போது குழந்தையின் கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்கியது; பெட்டியிலும் எண் இருந்தது. பல ரயில் நிலையங்களில் பெற்றோரை நடைமேடைக்கே விடவில்லை. எல்லையில் அதிகாரிகள் ஏறிப் பெட்டிகளைக் கிளறினார்கள். தபால்தலை சேகரிப்புகூடச் சிலரிடமிருந்து பறிபோனது. ரயில் ஹாலந்துக்குள் நுழைந்ததும் பெண்கள் ரொட்டியும் கோகோவும் கொடுத்ததை அந்தக் குழந்தைகள் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கப்பல், பிறகு லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையமோ, ஹார்விச் அருகே டோவர்கோர்ட் விடுமுறை முகாமோ.

எல்லோரும் வந்து சேரவில்லை. பிராக் நகரிலிருந்து பிரிட்டிஷ்காரரான நிக்கோலஸ் வின்டனும் அவருடைய கூட்டாளிகளும் 669 குழந்தைகளை அனுப்பினார்கள். 1939 செப்டம்பர் 1 அன்று சுமார் 250 பேருடன் கிளம்பவிருந்த ரயில், ஜெர்மனி போலந்துக்குள் புகுந்ததால் கிளம்பவே இல்லை.

போர் வந்ததும் நேரடித் தபால் நின்றது. மிஞ்சியது செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம். அதில் 25 சொற்களுக்கு மேல் எழுதக்கூடாது. நலம் விசாரிக்கவே அது போதாது. 1941 இலையுதிர்காலம் முதல் ஜெர்மனியிலிருந்து யூதர்கள் கிழக்கே கொண்டுபோகப்பட்டார்கள். அதன்பின் பல வீடுகளுக்கு அந்தப் படிவமும் வரவில்லை. பெரும்பாலான குழந்தைகள் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. துண்டும் கரண்டியும் நினைவுப்பொருளானது அப்போதுதான். கடைசியாக வந்த படிவமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

பல பத்தாண்டுகள் இவை அலமாரிகளிலேயே கிடந்தன. 1989-இல் லண்டனில் நடந்த ஐம்பதாம் ஆண்டுச் சந்திப்புக்குப் பிறகே பலர் வாய்திறந்து பேசத் தொடங்கினார்கள். 2003-இல் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் சிற்பி ஃப்ளோர் கென்ட் ஒரு சிறுமியின் வெண்கலச் சிலையையும், நிஜமான பொருள்கள் நிரப்பிய பெரிய கண்ணாடிப் பெட்டியையும் அமைத்தார். பாதுகாப்பு ஏற்பாடு இருந்தும் உள்ளே இருந்தவை கெடத் தொடங்கின. 2006-இல் அங்கே ஃபிராங்க் மைஸ்லர் வடித்த வெண்கலச் சிற்பம் வந்தது. 1939-இல் டான்சிக் நகரிலிருந்து இதே வழியில் வந்த குழந்தைகளில் மைஸ்லரும் ஒருவர்.