சிறு இசைத்தட்டும் மீள்பாடலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அமைந்த ஊர் வெல்லாவெளி. இப்பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில், பழகிய மெட்டொன்றிற் புதிய சொற்களை அமைத்துப் பாடுதல் நெடுநாள் வழக்கமாகும். பழம்பாட்டைப் புதிதாக்கும் இவ்வழக்கம் இசைத்தட்டுக் காலத்தில் எந்நிலையை அடைந்தது என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டு 1949இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒரு பாடலே அதில் அடங்கும். விரிவான ஆலாபனைக்கு அங்கு இடமில்லை. கேட்ட மாத்திரத்தே மனத்திற் பதியும் பல்லவியே வேண்டப்பட்டது. பொப் இசை இத்தட்டிலே வேரூன்றியமைக்குக் காரணம் இதுவே.

இலங்கைக்கு இத்தகைய ஆட்டப்பாடல் புதியதன்று. 1505இல் வந்த போர்த்துக்கேயரின் வழியே கபிரிஞ்ஞாவும் பைலாவும் தோன்றின. மட்டக்களப்புப் பறங்கியரிடையே கபிரிஞ்ஞா இன்றும் வழங்குகின்றது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’, சிங்களமும் தமிழும் கலந்த பைலாப் பாடலாகும். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் திரைப்படத்தில், இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதனைப் பாடினர். கடல் கடந்த பாடல் திரையிசையாயிற்று.

மீள்பாடல் பாடலின் பொருளையே மாற்றவும் வல்லது. ஆலை இரைச்சலை இசையாக்கும் ஐரோப்பிய மரபைச் சார்ந்த லைபாக் குழு, 1980இல் சுலோவேனியாவின் சுரங்க நகரொன்றிலே தோன்றியது. ஆத்திரியக் குழுவொன்றின் களிப்புமிக்க பொப் பாடலை 1987இல் அது இராணுவ அணிவகுப்புப்போல் முழங்கிப் பாடியது. கூட்டமாகப் பாடும் மகிழ்ச்சிக்குள் அடங்கியிருந்த அதிகாரத்தின் குரல் அப்போதே கேட்டது. ‘ரீமிக்ஸ்’ என்பதோ பதிவான ஒலியையே பிரித்து மீளக் கோப்பது. 1970களில் யமேக்காவின் கிங் டபி, குரலைக் குறைத்துத் தாளத்தை முன்னிறுத்தி இக்கலையை வளர்த்தார்.

சுருக்கி மீளக் கோக்கும் இவ்வாக்கத்துக்கு மட்டக்களப்புக் கூத்திலும் ஓர் இணையுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’, விடியும்வரை ஆடப்படும் கூத்தை நவீன மேடைக்கேற்பச் சுருக்கியது. அம்முயற்சியில் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் பங்கு பேசப்பட்டது. அவர் பெயர் இன்றும் நினைக்கப்படுகின்றது.

இசைத்தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளோ சிறிது. பாடியவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதில் நிலைபெறும். மெட்டைப் பேணி வந்த மக்களின் பெயருக்கு அங்கு இடமில்லை. மீளப் பாடுதல் களவன்று. பாட்டுக்கு அது மறுபிறப்பு. ஆயின் வந்த வழியைச் சொல்லாது பாடுவது மட்டும் குறையே. வழியைச் சொல்லிப் பாடுமிடத்து, சிறு தட்டும் ஒரு களரியாகும்.