குடியர்க்குக் குடியரே துணையான வரலாறு

கள்ளுண்ணாமைக்கென ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனை ஒரு கேள்வியோடு முடிக்கிறார். தெளிந்திருக்கும் வேளையிலே, மயங்கிக் கிடக்கும் இன்னொருவனைக் காணும் குடியன் தன் நிலையை எண்ணிப் பார்க்கமாட்டானா என்பது அதன் கருத்து. அறிவுரைக்கு அசையாத உள்ளமும் தன்னைப் போன்ற ஒருவனைக் கண்டு அசையக்கூடும். இவ்வுண்மையை அடித்தளமாகக் கொண்டு அமெரிக்க நாட்டில் எழுந்த ஓரியக்கத்தின் வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

முதல் முயற்சி

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே பால்டிமோர் நகரத்து மதுச்சாலையொன்றிற் கூடிய குடியர் அறுவர், இனிக் குடிப்பதில்லையென உறுதி பூண்டு, ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். வாரந்தோறும் கூடித் தத்தம் அனுபவங்களை எடுத்துரைத்தனர். வேறு குடியரையும் அழைத்து வந்தனர். சங்கம் விரைவிற் பரவிற்று. 1842 பெப்ரவரி 22இல் ஸ்பிரிங்பீல்ட் நகரச் சங்கத்தார் முன் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றினார். ஆயினும் மதுவிலக்குச் சட்டம், அரசியல், சமயப் பூசல் ஆகியவற்றில் அகப்பட்டுச் சில ஆண்டுகளுள் அச்சங்கம் தளர்ந்தது. குடியனுக்குத் துணை செய்தலென்னும் ஒரே நோக்கம் சிதறியமை அதற்கொரு முக்கிய காரணமாகும்.

அக்ரன் நகரச் சந்திப்பு

நியூயோர்க்கிற் பங்கு வணிகத்தில் ஈடுபட்டிருந்த பில் வில்சன் 1934 டிசம்பரிலே குடியை விட்டவர். ஒக்ஸ்போர்ட் குழுவென்னும் கிறித்தவ இயக்கத்தின் தொடர்பும் அவருக்கிருந்தது. பல மாதங்கள் குடியரைத் தேடித் தேடிப் பேசினார். அவருள் ஒருவரேனும் நிலைத்து நின்றாரல்லர். ஆனால் பேசியவர் தெளிவோடிருந்தார்.

1935 மே மாதம் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்று தோல்வியுற்ற அவர், ஹோட்டல் முன்மண்டபத்திலே தனித்து நின்றார். ஒருபுறம் மதுவறையின் ஆரவாரம். மறுபுறம் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். அவர் தொலைபேசியை நாடினார். பாதிரியார் ஒருவர் கொடுத்த பெயர்களைக் கொண்டு ஒவ்வொருவராக விசாரித்து, ஈற்றில் ஹென்றியேற்றா சைபர்லிங் என்னும் அம்மையாரை அடைந்தார். குடியால் நலிந்துகொண்டிருந்த சத்திர வைத்தியர் ரொபேட் சிமித்தை அவ்வம்மையார் மே 12ஆம் திகதி தம்மில்லத்துக்கு அழைத்தார். 15 நிமிடமே இருப்பதாக வந்த வைத்தியர் ஆறு மணி நேரத்துக்கு மேலாக உரையாடினார்.

மதுவின் கேட்டை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை, அவரோ வைத்தியர். அந்நோயைத் தாமே பட்டறிந்த ஒருவரே அவருக்கு வேண்டியிருந்தார். இடையே ஒருமுறை வழுவினாராயினும், 1935 ஜூன் 10இன் பின் அவர் மதுவைத் தொடவில்லை. அந்நாளே இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்ளப்படுகிறது. இருவரும் வைத்தியசாலையிற் கிடந்த சட்டத்தரணி ஒருவரைக் காணச் சென்றனர், அவர் மூன்றாமவரானார்.

வளர்ச்சி

1939இல் இவர்களது நூல் வெளிவந்தது. அந்நூலின் பெயரே இயக்கத்துக்கும் ஆயிற்று: ஆல்கஹோலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர். கடவுளை அவரவர் கொள்கைப்படி கொள்ளலாமென அது இடமளித்தமையால், பிற சமயத்தவருக்கும் கதவு திறந்தது. 1941 மார்ச் மாதத்திற் பிரபல வார இதழொன்றில் வெளிவந்த கட்டுரையினால், சுமார் 2,000 பேராயிருந்தோர் அவ்வாண்டிறுதியில் 8,000 பேராயினர். 1950இல் கிளீவ்லாந்து மாநாடு இயக்கத்தின் மரபுகளை ஏற்றது. சேர்வதற்குக் குடியை விடும் விருப்பமொன்றே தகுதி, கட்டணமில்லை, வெளியார் நன்கொடை வேண்டா, வெளி விவாதங்களிற் கலத்தலுமில்லை. வாஷிங்டன் சங்கத்தாரைக் கெடுத்தவை எவையோ, அவற்றுக்கெல்லாம் இங்கே அணை கட்டப்பட்டது.

கூட்டத்தை நாடுவோர்க்கு

இன்று இக்கூட்டங்கள் இலங்கை உட்படப் பல நாடுகளில் நடைபெறுகின்றன. 2020இன் பின் இணையவழிக் கூட்டங்களும் பெருகியுள்ளன. திறந்த கூட்டத்துக்கு எவரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோர்க்கே உரியது. புதிதாக வருபவர் பேசாது கேட்டுக்கொண்டிருக்கலாம். முழுப்பெயரும் கூற வேண்டியதில்லை. ஒரு கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடின் இன்னொன்றை நாடலாம். குடும்பத்தினர்க்கென 1951இல் அல்-அனொன் என்னும் தனியமைப்பும் தோன்றிற்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய ஆபத்துகள் நேரலாமாதலின், முதலில் வைத்தியரைக் காண்டல் வேண்டும். 2020இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இவ்வழியில் முறைப்படி நெறிப்படுத்தப்பட்டோர் மதுவை அறவே விட்டு நிற்பதிற் பிற சிகிச்சை பெற்றோரினும் மேம்பட்டனரெனக் காட்டியது.

இளைஞர் கடமை

அன்று பில் வில்சனைக் காத்தது ஒரு பெயர்ப்பட்டியலும், கேட்டவுடன் வழிகாட்டிய இருவருமே. அவ்விருவரும் குடியரல்லர்; ஆயினும் அவரின்றி இவ்வரலாறில்லை. நம்மூரிலோ குடியனை ஏளனஞ் செய்வோர் பலர்; வீட்டுக்குள் மறைத்து வைத்து வாடும் தாய்மாரும் மனைவியரும் பலர். நாணத்தினாலே கேளாதிருப்பவர்க்குக் கூட்டம் எங்கே, எந்நாளில் என்று அறிந்து சொல்லுதலும், முதல் நாள் வாயில்வரை உடன் செல்லுதலும் எவர்க்கும் இயலும். அடியார் கூட்டத்தின் பெருமையைப் பேசும் நாம், மெலிந்தவர் கூடுமிடத்துக்கும் வழிகாட்டுவோமாக.